கொடியைத் தாண்டாத வண்டி

இதை எழுத உட்கார்ந்தும் எழுந்தும் நாலைந்து தைப்பூசம் கடந்துவிட்டது. நான் துறையூர்ப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவன். எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் குழுவுக்கு வருஷத்துக்கு ஒரு நோட்டீசு எழுதிக் கொடுப்பதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். ஆனால் நான் தயங்கியதற்குக் காரணம் படிப்பு இல்லை. இலங்கைக்குப் போய், மலைநாட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றி, கதிர்காமம் போகாமல் திரும்பி வந்தவன் நான். முருகன் பேரைச் சொல்லி ஊரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவன், அவன் வாசலுக்கு அவ்வளவு பக்கத்தில் போயும் போகாமல் வந்தான் என்று என் கையாலேயே எப்படி எழுதுவது?

இப்போது எழுதியே ஆகவேண்டியதாகிவிட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி மரகதம் முதுகெலும்பில் தட்டு விலகி, எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். அவளுடைய அத்தை மகன் வீரமணி இலங்கையில் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். மரகதத்தின் அப்பா அந்தக் காலத்தில் கப்பலேறி இந்தியா வந்துவிட்டார், அப்பாவின் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். அந்த உறவு இப்போது தொலைபேசியில்தான் வாழ்கிறது. ஒருநாள் வீரமணி கூப்பிட்டு, "மரகதம், மலைக்குப் போயிட்டு வந்தேன். நீ எந்திரிச்சு நடந்தா நீயே மேல வந்து மணி அடிப்பேன்னு சாமிகிட்ட சொல்லிப்புட்டேன்" என்றார்.

"யாரைக் கேட்டு மச்சான் சொன்னீங்க?" என்று படுத்தபடியே கேட்டாள் இவள். அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

அவர் சொன்ன மலை சிவனொளிபாத மலை. உச்சியில் ஒரு பாதம் இருக்கிறது. நமக்கு அது சிவன் பாதம், புத்த சமயத்தாருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதாம் பாதம். எல்லாரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். எத்தனையாவது தடவை ஏறி வந்தோமோ அத்தனை தடவை அங்கே மணியடிப்பது வழக்கம். முதல் தடவை வருகிறவருக்கு ஒரே அடி. மரகதம் எழுந்து நடந்துவிட்டாள். அந்த ஒரு அடி பாக்கி இருந்தது. அதற்காகத்தான் போனோம்.

விமானம், அனுமதிச் சீட்டு கதையெல்லாம் எழுதப்போவதில்லை. கம்பளையில் வீரமணியின் சிநேகிதர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். பின் இருக்கையில் கம்பளியை மடித்துக் கட்டிக்கொண்டோம். முதுகு சரியில்லாதவளை எதற்கு இரண்டு சக்கரத்தில் ஏற்றினாய் என்று கேட்பீர்கள். பஸ்ஸில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, கையில் வண்டி இருந்தால் வலித்த இடத்தில் நிறுத்தி இறங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நாங்கள் யோசித்தது. அந்த யோசனையை முதல் நாளே மறந்தவன் நான்தான்.

கைபேசி வரைபடத்தில் கம்பளைக்கும் நோர்வூட்டுக்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட இல்லை. எங்கள் ஊர் ரோட்டில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டி முடிக்கிற தூரம். இறம்பொடை அனுமார், நுவரெலியா, தலவாக்கலை, சாயங்காலம் நோர்வூட்டில் சாப்பாடு. மறுநாள் மலையடிவாரம். மலை ஏறி இறங்கிய கையோடு ஒரே மூச்சில் கதிர்காமம். முருகனுக்குச் சாத்த ஒரு பட்டு வேட்டி பெட்டியின் அடியில் இருந்தது.

இறம்பொடைவரை பரமானந்தம். ஒரு வளைவு திரும்பினால் ஒரு அருவி, அடுத்த வளைவில் இன்னொன்று. மலைச்சரிவெல்லாம் தேயிலை. நம் ஊரில் தலைமுடியை ஒட்ட வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரே மட்டமாக நிற்கிறது. அனுமார் மலைமேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து வடை வாங்கித் தின்றோம். வண்டியில் ஏறும்போது மரகதம் இடுப்பில் கைவைத்து ஒரு நொடி நின்றாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, போங்க" என்றாள். ஒண்ணுமில்ல என்று அவள் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டியைக் கிளப்பினேன்.

அந்த ரோட்டில் நேராகப் போகிற இடமே கிடையாது. வலது பக்கம் சாய்ந்து நிமிர்வதற்குள் இடது பக்கம் சாயவேண்டும். எதிரே பஸ்காரர்கள் அம்மன் அழைப்பு மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார்கள். நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது குளிர் எலும்பில் ஏறியது. ரோட்டோரத்தில் காரட், லீக்ஸ், முட்டைக்கோசு எல்லாம் கழுவி அடுக்கி, தேர் அலங்காரம் போல வைத்திருந்தார்கள். நிறுத்தவில்லை. தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது மூடுபனி வந்து ரோட்டை மூடியது. கூடவே மழை. நோர்வூட்டில் சோறு ஆறுமே என்று நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

தோளைப் பிடித்திருந்த அவள் கை பிடியை விட்டு என் சட்டையை இறுக்கிப் பிசைந்தபோதுதான் நிறுத்தினேன். ஒரு சின்னத் தேநீர்க் கடை. மரகதம் இறங்கினாள். ஆனால் நிமிரவில்லை. வளைந்தபடியே நின்றாள். முகமெல்லாம் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

கடைக்காரம்மா சிங்களவர். மரகதத்தைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் படுக்கவைத்தார். எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து இடுப்பில் தடவினார். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். கடையில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தமிழ் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பால் விடாத தேநீருக்கு அங்கே சாயத்தண்ணி என்று பேர்.

"என்ன தம்பி சொல்றாங்க?" என்றேன்.

"முன்னுக்கு இருக்கிறவருக்குப் புடிச்சுக்க ஹேண்டில் இருக்கு, பின்னுக்கு இருக்கிறவங்களுக்கு என்ன இருக்குன்னு கேக்குறாங்க அண்ணே."

மரகதம் படுத்தபடியே சொன்னாள்: "என் பக்கம் பேச இந்த ஊர்லயும் ஒரு ஆள் கெடைச்சிருச்சு."

அன்று நோர்வூட் போகவில்லை. பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினோம். வீரமணிக்குச் சொன்னேன். "நாளைக்கு வந்தா நாளைக்குச் சோறு அண்ணே. அரிசி எங்கயும் போயிராது" என்றார். ஆனால் மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். சமதளத்திலேயே இப்படி என்றால் அந்தப் படிகளை எப்படி ஏறுவாள்? இவ்வளவு தூரம் கூட்டிவந்து நானே கெடுத்துவிட்டேனா?

வெந்நீர்ப் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு அவள் மெல்லக் கேட்டாள்: "பாதயாத்திரையில கொடியை யார் கையில குடுப்பீங்க?"

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். நானே வைத்த வழக்கம்தான். யாருக்குக் காலில் கொப்புளம் வந்துவிட்டதோ, யார் நடக்கத் திணறுகிறாரோ, அவர் கையில் மஞ்சள் கொடியைக் கொடுத்து முன்னால் விடுவோம். கொடியை யாரும் தாண்டக்கூடாது. அவர் நடந்தால் எல்லாரும் நடப்போம், அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவோம். அன்றைக்கு எவ்வளவு தூரம் என்பதை அவர் கால்தான் முடிவு செய்யும். திடகாத்திரமான இளவட்டங்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் எங்கள் குழுவில் இதுவரை ஒருத்தரைக்கூட வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை.

"நடக்க முடியாதவங்க கையில" என்றேன்.

"நான் பின்னாடில்ல உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். விடிந்ததும் விபூதிப் பொட்டலம் கட்டிவந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, வண்டியின் கண்ணாடிக் கம்பியில் கட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "கொடி அங்க பறந்தாலும் புடிச்சிருக்கிறது நான்தான். தோளைத் தட்டுனா நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

உண்மையில் எங்கள் பயணம் அன்றுதான் ஆரம்பித்தது.

பனி விலகின பிறகுதான் கிளம்பினோம். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடுகிறது, அதற்குள் ஒதுங்கிவிட வேண்டும் என்று கடைக்காரம்மா ஆட்டோக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சில வளைவுகள் திரும்பியதும் தோளில் ஒரு தட்டு. நிறுத்தினேன். எதிரே ஒரு அருவி மலையைப் பிளந்துகொண்டு விழுந்தது. முந்தின நாள் கண்மண் தெரியாமல் ஓட்டியபோது எத்தனை அருவியை இப்படித் தாண்டினேனோ. மரகதம் கொஞ்சம் நடந்தாள், குனிந்து நிமிர்ந்தாள், ஏறினாள். அடுத்த தட்டு ஒரு பாண் கடை வாசலில். பாண் என்றால் நம் ஊர் ரொட்டி, அங்கே ரொட்டி என்றால் அது வேறு. தேங்காய்ப் பூ போட்டுச் சுட்ட கனமான ரொட்டியும், இடித்த மிளகாய்ச் சம்பலும். ஒரு வாய் வைத்ததும் குளிர் போன இடம் தெரியவில்லை.

இன்னொரு தட்டு தேயிலைச் சரிவை ஒட்டின ஒரு திருப்பத்தில். கொழுந்து பறிக்கும் பெண்கள் மேலே நின்றார்கள். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை. கை பேசாமல் பறிக்க, வாய் எங்களோடு பேசியது.

"என்ன சாமி, வண்டி பழுதா?"

"வண்டி நல்லாருக்கும்மா. பொஞ்சாதி முதுகுதான் பழுது."

"அடி ஆத்தா, அப்ப நம்ம கூட்டந்தான்! முதுகு நல்லா இருக்கிற ஒருத்தி இந்த மலையில இருக்காளான்னு தேடிப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி கீழே எட்டிப் பார்த்து, "எந்தத் தோட்டம் நீங்க? பேச்சப் பாத்தா தலவாக்கலை ஆளுங்க மாதிரி இருக்கு" என்றாள்.

"துறையூரு. இந்தியா" என்றாள் மரகதம்.

"ஐயையோ, இந்தியாக்காரங்க டிவியில வேற மாதிரில்ல பேசுறாங்க! நீங்க நம்மள மாதிரியே பேசுறீங்க."

எனக்கும் அதேதான் ஆச்சரியம். கடல் தாண்டி வந்திருக்கிறோம், எங்கள் தெருக் குழாயடியில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஒருத்தி பேசிக்கொண்டே கையை நீட்டிப் பக்கத்துப் பெண்ணின் செடி வரிசையில், அங்கே நிரை என்கிறார்கள், நாலு கொழுந்து பறித்து அவள் கூடையில் போட்டாள். "அவளுக்குக் காய்ச்சல். நெரை பிந்திருச்சுன்னா தனியா நிப்பால்ல" என்றாள். மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மஞ்சள் துணியைப் பார்த்தேன்.

நோர்வூட்டை நெருங்கும்போது ஒரு கூத்து நடந்தது. தோட்ட ரோடு குறுகல். முன்னால் ஒரு லொறி, கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நிறுக்கிற கொட்டகை ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனது. முந்திப் போக வழியில்லை. பழைய புத்தி போகுமா? விடாமல் ஹாரன் அடித்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இந்தாப்பா, லொறிக்கு ரெக்கையா மொளைச்சிருக்கு? கொழுந்த நிறுக்காம எங்க பறக்கச் சொல்ற? பின்னுக்கு நின்னு நாயனம் வாசிக்கிறியே!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் தோளைத் தட்டினாள். "அது எங்க மச்சான் குரல்" என்றாள்.

வீரமணி லொறியிலிருந்து குதித்தார். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம், சிரிப்பு மட்டும் பெரிசு. "அடடே, அண்ணே நீங்களா? மாமன் மக பின்னுக்கு வர்றான்னு தெரிஞ்சிருந்தா லொறிக்கு மாலை போட்டிருப்பேனே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரகதத்தின் முன்னால் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரில் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

அவருடைய மனைவி பாக்கியமும் கொழுந்து பறிக்கிறவர்தான். வரிசையாய் ஒட்டிக் கட்டின லயத்தில் ஒரு வீடு, வாசலில் ரோஜாத் தொட்டி, உள்ளே சாமி மாடத்தில் பழனி முருகன் படம். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. கருவாடு தொடாத எனக்காகத் தனியாகக் கத்தரிக்காய். இலையைப் போட்டுவிட்டு, "நேத்து பூரா ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தோம் மாமா. இவரு பத்துத் தடவ வாசலுக்குப் போயிட்டு வந்தாரு" என்றார் பாக்கியம்.

"எனக்குக் கட்டிக் குடுத்திருக்க வேண்டிய புள்ள" என்றார் வீரமணி சோற்றைப் பிசைந்துகொண்டே. "மாமன் கப்பலேறிட்டாரு. இல்லன்னா இந்த முதுகு இப்பிடி ஆயிருக்குமா?"

"ஆமா, என் முதுகு மாதிரி ஆயிருக்கும்" என்றார் பாக்கியம். மரகதம் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் வீரமணி கேட்டார்: "எப்ப அண்ணே கதிர்காமம்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஊர் திரும்ப நாள் குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது. ஒருநாளை ஏற்கெனவே இழந்திருந்தோம். கதிர்காமமும் போகவேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. மறுநாளே ஒரே ஓட்டமாக மலையடிவாரமான நல்லதண்ணி போய், ஊரார் ஏறுகிற மாதிரி இருட்டோடு மலையேறி, இறங்கின கையோடு வண்டியை எடுக்கவேண்டும். அப்படிச் செய்தால் மரகதம் உச்சிக்குப் போய்ச் சேருவாளா என்பது சந்தேகம். மெதுவாகப் போனால் மணி நிச்சயம், கதிர்காமம் இல்லை.

மரகதம் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள்.

நான் லயத்துக்கு மேலே இருக்கிற சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். கீழே பெரட்டுக் களம் தெரிந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். அம்மன் முகத்தில் விளக்கு வெளிச்சம் ஆடியது. சின்ன வயசிலிருந்து கதிர்காமம் கதிர்காமம் என்று ஏங்கினவன், தாயே. இன்னொரு தடவை வர எனக்கு வசதி இருக்குமா, உடம்பு இருக்குமா? வாய்விட்டே கேட்டேன். அப்போது ஒரு வருஷம் எங்கள் குழு பழனி போய்ச் சேரத் தாமதமானது நினைவுக்கு வந்தது. கொடி பிடித்தவருக்குக் கால் வீங்கிவிட்டது. தேர் பார்க்க முடியாது என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களிடம், "முருகன் எங்கயும் போயிர மாட்டான், உக்காருங்கடா" என்றேன். நடுரோட்டில் நின்று, சத்தமாக, ஊருக்கே கேட்கச் சொன்னேன்.

அடுத்தவர் தேரைத் தவறவிடும்போது அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது!

விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டு இறங்கி வந்தேன். மரகதத்திடம், "கதிர்காமம் இந்தத் தடவை இல்ல" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. அதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பட்டு வேட்டி?" என்றாள். மறுநாள் காலையில் அதை மாரியம்மன் கோயிலில் இருந்த சின்ன முருகனுக்குச் சாத்தினோம். பூசாரி மடித்து மடித்துக் கட்டியும் வேட்டி பீடத்தைத் தாண்டித் தரையில் வழிந்தது. "எங்க முருகன் இன்னிக்குத்தான் பெரிய மனுசன் மாதிரி இருக்காரு" என்றார் பாக்கியம்.

அதற்குப் பிறகு நாங்கள் போன தூரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா ஒரு நாள். அங்கிருந்து நல்லதண்ணி இன்னொரு நாள். "இந்தத் தூரத்துக்கு நான் லொறியில கியர்கூட மாத்த மாட்டேன் அண்ணே" என்று வீரமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லீவு கிடைக்காததால் அவர் வரவில்லை. பாக்கியம் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்து, "அவசரப்படாம போங்கக்கா" என்றார்.

மஸ்கெலியாவில் பெரிய நீர்த்தேக்கம். பழைய ஊர் தண்ணீருக்குள் இருக்கிறதாம். தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும் என்றார் சாயத்தண்ணிக் கடைக்காரர். நாங்கள் போனபோது தண்ணீர் நிறைய இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டோம். சாயங்காலம் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வேலை எதுவும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். மரகதம் மில்லைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

நல்லதண்ணியில் திருவிழாக் கடைகள். பேரீச்சம்பழம், பொம்மை, கம்பளித் தொப்பி, எல்லாம் பழனி அடிவாரம் மாதிரியே. எல்லாரும் சூரியோதயம் பார்க்க இருட்டில் ஏறக் கிளம்பினார்கள். நாங்கள் தூங்கப் போனோம்.

நன்றாக விடிந்த பிறகு மஞ்சள் துணியை மரகதம் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால். எங்களைத் தவிர ஏறுகிறவர் அநேகமாக யாருமில்லை. இரவு ஏறினவர்கள் எல்லாரும் இறங்கிவந்தார்கள். அந்த மலையில் ஒரு பழக்கம். எதிர்ப்படுகிறவரைச் சிங்களத்தில் "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள். கருணை கிடைக்கட்டும் என்று அர்த்தமாம். இருட்டில் கூட்டத்தோடு ஏறியிருந்தால் எங்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? தாமதமாகக் கிளம்பினதால் இறங்கிவந்த அத்தனை பேர் வாழ்த்தும் எங்கள் இரண்டு பேருக்குத்தான். குழந்தையைத் தோளில் தூக்கினவர்கள், தடி ஊன்றினவர்கள், வெள்ளை உடுத்தின குடும்பங்கள், காவி உடுத்தின பிக்குகள், அரோகரா சொன்ன தோட்டத்துச் சனங்கள், எல்லாரும் மரகதத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவளும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் "கருணாவய்" என்றாள். மூச்சு வாங்கியபோது கையைக் கூப்பினாள்.

பருமனான ஒருவர் என் தோளைத் தட்டி, சூரியன் உதித்து முடிந்துவிட்டதே, இப்போது போய் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று கையாலேயே கேட்டார். நான் உச்சிக்கு மேலே காட்டினேன். சூரிய பகவான் அங்கேதான் இருந்தார். அவர் சிரித்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு இறங்கினார்.

கடைசிப் படிகள் செங்குத்து. கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். மரகதம் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எழுந்தாள், எழுந்தேன். நடுவில் ஒரு தடவை அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, "போதும் மரகதம், இங்கேருந்தே கும்பிட்டுக்கலாம்" என்றேன். அவள் மூச்சை இழுத்து, "கொடி யார் கையில?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான்தான் பின்தங்கினேன். அவள் மேலே நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

பாதத்தைக் கும்பிட்டு மணியிடம் வந்தாள். கயிற்றைப் பிடித்தவள் உடனே அடிக்கவில்லை. மலைகளைப் பார்த்தாள். எங்கள் வண்டி ஊர்ந்துவந்த ரோடு எங்கோ கீழே அந்தப் பச்சைக்குள் இருந்தது. பிறகு அடித்தாள். ஒரே அடி. அந்தச் சத்தம் முடிய வெகுநேரம் ஆனது. படுக்கையில் கிடந்தபோது அவள் பல்லைக் கடித்து அடக்கின அழுகை எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்து அவள் கேட்டது: "கதிர்காமம் எந்தப் பக்கம்?"

அங்கே நின்ற ஒருவர் தென்கிழக்கே கை காட்டினார். மேகம்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பி இரண்டு பேரும் கும்பிட்டோம். "முருகா, இவரை நான்தான் தடுத்தேன். கோவிச்சுக்கிறதுன்னா என்னைக் கோவிச்சுக்க" என்றாள்.

"நீ எங்க தடுத்த? கொடி புடிச்ச" என்றேன்.

இறங்கி, அதே சின்னச் சின்னத் தூரமாகத் திரும்பினோம். தேநீர்க் கடை அம்மாவைப் பார்க்க நிறுத்தினோம். மரகதம் நிமிர்ந்து நடந்து கடைக்குள் போனதைப் பார்த்து அவர் கன்னத்தில் கைவைத்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நல்ல வார்த்தைதான் சொன்னார். அன்று மொழிபெயர்க்க ஆளில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்லவேண்டும். ஊருக்கு வந்து நான் ஒருவரிடம் சொன்னதை அவர் இன்னொருவரிடம் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அவர் இன்னும் கூட்டினார். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். போகப் போக, நான் மரகதத்தை வைத்துக்கொண்டு கண்டிச் சீமையிலிருந்து கதிர்காமம்வரை ஒரே நாளில் ஓட்டினேன் என்று ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் குழுவில் நடக்கிற ஓர் இளம் கணவன் மனைவி என்னிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். இரண்டு சக்கரத்திலேயே தெற்கே பல கோயில்களைப் பார்க்கப்போகிறார்களாம். "நீங்க ஓட்டுன மாதிரியே ஓட்டணும்னு கணக்குப் போட்டிருக்கோம் ஐயா" என்றான் அந்தப் பிள்ளை. பின்னால் நின்ற பெண் இடுப்பில் கை வைத்திருந்தாள்.

மரகதம் உள்ளே போய் அந்த மஞ்சள் துணியை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் சௌகரியமாக ஓட்டலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான்: பின்னால் இருப்பவர் சிரித்த முகத்தோடு இறங்குகிற தூரம். அது மஸ்கெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் நடுவில் இருக்கிற தூரமாகவும் இருக்கலாம்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதல் நாள் நான் நிறுத்தாமல் ஓட்டினதையும் சொல்லுங்கள், லொறிக்காரரிடம் திட்டு வாங்கினதையும் சொல்லுங்கள். முக்கியமாக, நாங்கள் கதிர்காமம் போகவில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.